மண்டை எலும்பை எடுக்கும் அறுவை: ஒரு ஆய்வு கெடுதல் என்கிறது, இன்னொன்று உயிர் காக்கும் என்கிறது. எதை நம்புவது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 28 வயதுத் தம்பி பைக்கில் போய் விழுந்து தலையில் பலத்த அடி. ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். மூளை வீக்கம் மருந்துக்கு அடங்கவில்லை, மண்டை எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிடலாம், வாய்ப்பு ஐம்பதுக்கு ஐம்பது என்று சொல்லி மருத்துவர் கையெழுத்துக் கேட்கிறார். இணையத்தில் தேடினால் 2011-இல் வந்த ஆய்வு எலும்பை எடுத்தவர்களின் நிலை மோசமானதாகச் சொல்கிறது; 2016-இல் வந்த ஆய்வு இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாகச் சொல்கிறது. இரண்டும் ஒரே பெரிய மருத்துவ இதழில் வந்தவை. எதை நம்புவது?

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தம்பி பிழைப்பாரா என்பது ஒன்று. பிழைத்தால் எந்த நிலையில் இருப்பார் என்பது இன்னொன்று. மருத்துவர் சொன்ன ஐம்பது எந்தக் கேள்விக்கான ஐம்பது என்பதை முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள். தலைக்காய நோயாளிகளை ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் தேடிப்பிடித்து நிலையைப் பதிவு செய்வது என் வேலை. அதனால் அந்த ஆய்வுகளின் எண்கள் எப்படி உருவாகின்றன என்பதிலிருந்து சொல்கிறேன். ஸ்கேனையும் நோயாளியையும் பார்க்காத யாரும் உங்கள் தம்பிக்கு அறுவை வேண்டும், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. நானும் சொல்லப்போவதில்லை.

முதலில் எந்த வகை அறுவை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தலைக்காயத்தில் எலும்பை எடுத்து வெளியே வைப்பது இரண்டு சூழ்நிலைகளில் நடக்கிறது. ஒன்று, மூளைக்கு மேல் ரத்தம் கட்டியிருக்கிறது. அதை எடுக்க மண்டையைத் திறக்கிறார்கள். உள்ளே மூளை வீங்கியிருப்பதால் எலும்பைத் திரும்ப வைக்காமல் தோலை மட்டும் தைத்துவிடுகிறார்கள். இன்னொன்று, எடுக்க வேண்டிய பெரிய ரத்தக்கட்டி எதுவும் இல்லை. மூளை முழுவதும் வீங்கி அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே எலும்பை எடுக்கிறார்கள். நீங்கள் படித்த இரண்டு ஆய்வுகளும் இரண்டாவது வகையைப் பற்றியவை. முதல் வகை என்றால் அவற்றை வைத்துக் குழம்ப வேண்டாம். மூளையுறைக்குக் கீழே கட்டிய புது ரத்தம் 10 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தாலோ, மூளையின் நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலோ திறந்து எடுப்பதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து.

அந்த முதல் வகையில் ரத்தக்கட்டியை எடுத்த பிறகு எலும்பைத் திரும்ப வைப்பதா, வெளியே வைப்பதா என்பதற்குத் தனியாக ஒரு ஆய்வு 2023-இல் வந்தது, ரெஸ்க்யூ ஏஎஸ்டிஎச் என்று பெயர். 450 பேர். மூளை ரொம்ப வீங்கி எலும்பு உட்காரவே உட்காராது என்ற நிலையில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. வைக்கவும் முடியும், விடவும் முடியும் என்றிருந்தவர்களை மட்டும் அறுவை மேசையிலேயே குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து எலும்பு வைத்தவர்களில் 30.2 சதவீதம் பேரும், வைக்காதவர்களில் 32.2 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களின் நிலையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வைத்தவர்களில் 14.6 சதவீதம் பேருக்கு இரண்டு வாரத்துக்குள் மறுபடி தலையில் அறுவை தேவைப்பட்டது, மற்றவர்களில் 6.9 சதவீதம். காயத்தில் சீழ், பிரிதல் போன்ற தொல்லை வைக்காதவர்களுக்கு அதிகம்: 12.2-க்கு 3.9. ஆகவே எலும்பு உட்காருகிறது என்றால் வைத்துவிடுவதில் தப்பில்லை, உட்காரவில்லை என்றால் விடத்தான் வேண்டும். மேசையில் மூளையைப் பார்த்து அறுவை நிபுணர் எடுக்கும் முடிவு அது.

இனி உங்கள் ஆய்வுகளுக்கு வருவோம். பெரியவர்களின் மண்டை மூடிய பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், தண்டுவட நீர் மூன்றும் இருக்கின்றன. மூளை வீங்கினால் மற்ற இரண்டும் கொஞ்சம் வெளியேறி இடம் கொடுக்கும். அந்த இடம் தீர்ந்த பிறகு கொஞ்சம் வீங்கினாலும் அழுத்தம் சட்டென்று எகிறிவிடும். படுத்திருக்கும்போது இயல்பான அழுத்தம் சுமார் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். 22-ஐத் தாண்டினால் சிகிச்சை வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல். அதற்குப் படிப்படியான சிகிச்சை இருக்கிறது. தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துவது, கழுத்து திரும்பாமல் நேராக வைப்பது, மயக்க மருந்தும் வலி மருந்தும், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வது. அடுத்து மானிட்டால் அல்லது 3 சதவீத உப்புக் கரைசல், மூளையின் அறைக்குள் குழாய் விட்டு நீரை வடிப்பது. கடைசியாக பார்பிட்யூரேட் மருந்தால் ஆழ்ந்த மயக்கம், அல்லது எலும்பை எடுப்பது. தம்பிக்கு இந்தப் படிகளில் எதுவரை போயிருக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி. இரண்டு ஆய்வுகளும் பிரியும் இடமே இதுதான்.

2011-இல் வந்தது டெக்ரா. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் 15 மருத்துவமனைகளில் நடந்தது. 15 முதல் 59 வயது வரை 155 பேர். முதல்கட்டச் சிகிச்சையையும் மீறி, ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமாகப் 15 நிமிடம் அழுத்தம் 20-ஐத் தாண்டியிருந்தால் போதும், ஆய்வில் சேர்த்தார்கள். காயம்பட்ட 72 மணி நேரத்துக்குள் நெற்றிப்பக்கம் இரு புறமும் எலும்பை எடுத்தார்கள். அழுத்தம் குறைந்தது, ஐசியூ நாட்களும் குறைந்தன. ஆனால் ஆறு மாதம் கழித்து இறப்பில் வித்தியாசமே இல்லை: 19-க்கு 18 சதவீதம். மோசமான நிலையில் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 70, மற்றக் குழுவில் 51 சதவீதம். நீங்கள் படித்துப் பயந்தது இந்த வரியைத்தான்.

அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 15 நிமிடம் 20-ஐத் தாண்டுவது ஐசியூவில் அன்றாடம் நடப்பது. ஆய்வில் சேர்வதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் இந்த நோயாளிகளின் சராசரி அழுத்தம் 20-ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. கைவசம் இன்னும் மருந்து இருக்கும்போதே, அதனால் அடங்கியிருக்கக்கூடியவர்களுக்கும் மண்டையைத் திறந்திருக்கிறார்கள். அறுவைக்கென்று ஒரு விலை உண்டு. அழுத்தம் அவ்வளவு மோசமில்லாதவர் அந்த விலையைக் கொடுத்துப் பெறுவது குறைவு. இன்னொரு சிக்கல், குலுக்கலில் நேர்ந்த கோளாறு. இரண்டு கண்மணிகளும் வெளிச்சத்துக்குச் சுருங்காதவர்கள் அறுவைக் குழுவில் 27 சதவீதம், மற்றதில் 12 சதவீதம். கண்மணி இரண்டும் சுருங்கவில்லை என்றால் தொடக்கத்திலேயே காயம் கடுமை என்று பொருள். சின்ன ஆய்வுகளில் குலுக்கல் இப்படி ஒரு பக்கம் சாய்வது உண்டு. இதைக் கணக்கில் கொண்டு திருத்திப் பார்த்தபோது அந்த 70-க்கும் 51-க்கும் உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. மேலும் 155 பேரைச் சேர்க்க 3,478 பேரைப் பார்த்திருக்கிறார்கள். பலர் தகுதி இல்லாமல் விலக்கப்பட்டவர்கள். ஆகவே இது ஒரு குறுகிய வகை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. 'எலும்பை எடுத்தால் கெடுதல்' என்று இதைச் சுருக்குவது தவறு. 'பரவலான வீக்கத்தில், அழுத்தம் லேசாக ஏறிய உடனே அவசரப்பட்டு எடுப்பதில் நன்மை தெரியவில்லை' என்பது சரியான சுருக்கம்.

2016-இல் வந்த ரெஸ்க்யூ ஐசிபி வேறு மாதிரி நோயாளிகளைப் பார்த்தது. பிரிட்டனிலிருந்து நடத்தப்பட்ட, பல நாடுகள் சேர்ந்த ஆய்வு. 10 முதல் 65 வயது வரை 408 பேர். முதல் இரண்டு படி சிகிச்சைகளையும் முடித்த பிறகு, அழுத்தம் 25-க்கு மேல் 1 முதல் 12 மணி நேரம் வரை நிலைத்து நின்றவர்கள் மட்டும். வேறு வழி தீர்ந்த பிறகு செய்யும் அறுவை. ஆறு மாதத்தில் அறுவைக் குழுவில் 26.9 சதவீதம், மருந்துக் குழுவில் 48.9 சதவீதம் இறந்திருந்தார்கள். உயிர் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே பட்டியலின் அடுத்த வரியில், சுற்றி நடப்பது தெரியாத உணர்வற்ற நிலையில் இருந்தவர்கள் 8.5-க்கு 2.1 சதவீதம். அன்றாடம் எல்லாவற்றுக்கும் பிறரைச் சார்ந்திருந்தவர்கள் 21.9-க்கு 14.4. ஆய்வாளர்களே இதை நேராகச் சொல்லியிருக்கிறார்கள்: மருந்தோடு நிறுத்தாமல் 100 பேருக்கு அறுவை செய்தால் கூடுதலாக 22 பேர் பிழைக்கிறார்கள், அந்த 22-இல் 6 பேர் உணர்வற்ற நிலையில், 8 பேர் முழுதாகப் பிறரைச் சார்ந்து, 8 பேர் குறைந்தது வீட்டளவிலாவது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில். கையெழுத்துப் போடுவதற்கு முன் குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய எண்கள் இவைதான்.

'நல்ல நிலை', 'மோசமான நிலை' என்று இந்த ஆய்வுகள் எழுதும்போது எதைக் குறிக்கின்றன? இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. பெரும்பாலான தலைக்காய ஆய்வுகள் பயன்படுத்துவது கிளாஸ்கோ அவுட்கம் ஸ்கேல். 1975-இல் ஜெனட், பாண்ட் இருவரும் வெளியிட்டது. பிறகு எட்டுப் படிகளாக விரித்தார்கள். 1 என்றால் இறப்பு, 2 உணர்வற்ற நிலை, 3-உம் 4-உம் கடும் ஊனம், 5-உம் 6-உம் நடுத்தர ஊனம், 7-உம் 8-உம் நல்ல தேறுதல். இதை ஒரு நேர்காணல் மூலம் கண்டுபிடிக்கிறோம், கேள்விகள் எல்லாம் வீட்டு விஷயங்கள். யாராவது எப்போதும் கூடவே இருக்க வேண்டியிருக்கிறதா? தேவைப்பட்டால் 8 மணி நேரம் தனியாக விடலாமா, அதாவது சொல்லாமலே குளித்து, மாற்றுடை உடுத்தி, தனக்கு வேண்டியதைச் சமைத்தோ எடுத்தோ சாப்பிட்டு, வாசலில் ஆள் வந்தால் பதில் சொல்லி, வீட்டில் சின்னச் சிக்கல் வந்தால் சமாளிப்பாரா? விடக்கூடாது என்றால் 3. விடலாம், ஆனால் கடைக்குப் போய் என்ன வாங்குவது என்று யோசித்து, பணத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வாங்க முடியவில்லை, அல்லது ஊருக்குள் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ துணையில்லாமல் போக முடியவில்லை என்றால் 4. ஆட்டோவைத் தானே கூப்பிட்டு, போகும் இடத்தைத் தானே சொல்ல முடிந்தால் போதும். பஸ்தான் ஏற வேண்டும் என்பதில்லை. இரண்டும் முடிகிறது, ஆனால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை என்றால் 5.

விபத்துக்கு முன்பே செய்யாத வேலையைக் குறையாகக் கணக்கிடக்கூடாது என்பது விதி. வாழ்நாளில் தனியாகக் கடைக்கே போகாத ஒரு பாட்டி இப்போதும் போகவில்லை என்பதற்காக 4 போடக்கூடாது. நம் ஊரில் இந்த நேர்காணல் சறுக்கும் இடம் இது. இன்னொரு சறுக்கல், நோயாளியை மட்டும் கேட்டால் 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்பார். முன்மூளையில் அடிபட்டவருக்குத் தன் குறையே தெரியாது. மனைவியிடமோ அம்மாவிடமோ கேட்டால்தான், காலையில் போட்ட சண்டையும் அடுப்பை அணைக்காமல் விட்டதும் வெளியே வரும்.

இப்போது நல்ல நிலைக்கும் மோசமான நிலைக்கும் நடுவே ஆய்வுகள் போடும் கோட்டைக் கவனியுங்கள். டெக்ரா ஆய்வில் 5-உம் அதற்கு மேலும்தான் நல்ல நிலை. 4 மோசமான பக்கத்தில் விழுந்தது. ரெஸ்க்யூ ஐசிபி ஆய்வில் 4-லிருந்தே நல்ல நிலை, வீட்டில் தனியாக இருக்க முடிந்தால் அது நல்ல முடிவுதான் என்று தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். ஒரே மனிதர், ஒரே நிலை. வீட்டில் நாள் முழுக்கத் தனியாக இருப்பார், பஸ் ஏறமாட்டார். அவரை ஒரு ஆய்வு தோல்வி என்றும் இன்னொன்று வெற்றி என்றும் எழுதுகிறது. இது எவ்வளவு தூரம் எண்ணை மாற்றும் என்பதை ரெஸ்க்யூ ஐசிபியின் ஒரு வருடக் கணக்கை வைத்தே பார்க்கலாம். அவர்கள் கோட்டின்படி நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 45.4, மருந்துக் குழுவில் 32.4 சதவீதம். கோட்டை டெக்ரா வைத்த இடத்துக்கு நகர்த்திக் கூட்டிப் பார்த்தால் 32.0, 28.5 ஆகிவிடுகிறது. 13 புள்ளி இடைவெளி மூன்றரைப் புள்ளியாகச் சுருங்குகிறது. யாரும் ஏமாற்றவில்லை. பிழைத்தவர்களில் கணிசமானவர்கள் அந்த 4 என்ற படியில் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே அறுவை பலன் தருமா என்ற கேள்விக்கு விடை, 4 என்ற நிலையை உங்கள் தம்பியும் குடும்பமும் வாழத்தக்க வாழ்க்கையாக நினைப்பீர்களா என்பதைப் பொறுத்தது. அதை எந்த ஆய்வாளரும் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது, அறுவை நிபுணராலும் முடியாது.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் தடுமாறுவார்கள். 'பிழைத்தவர்களில் எத்தனை சதவீதம் நல்லபடியாக இருக்கிறார்கள்' என்று கேட்டால், அதே ஒரு வருடக் கணக்கில் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அறுவை தனியாக மூளையைச் சரிசெய்வதில்லை. அடிபட்ட கணத்தில் அறுந்த நரம்பு இழைகள் அறுந்தவைதான். அழுத்தத்தால் அடுத்தடுத்து வரும் சேதத்தைத்தான் அறுவை தடுக்கிறது. அதனால் கூடுதலாகப் பிழைப்பவர்கள் எல்லாப் படிகளிலும் பரவி நிற்கிறார்கள்.

இந்த ஆய்விலும் ஓட்டை இருக்கிறது. மருந்துக் குழுவில் இருந்தவர்களில் 37.2 சதவீதம் பேருக்கு, நிலைமை கைமீறியபோது கடைசியில் அறுவை செய்துவிட்டார்கள். கண்ணெதிரே ஒருவர் சாகும்போது ஆய்வு விதியைக் காட்டி யாரும் சும்மா இருக்க முடியாது. ஆனால் அவர்களை மருந்துக் குழுவிலேயே வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் குலுக்கலுக்கே அர்த்தமில்லை. இதனால் உண்மையான வித்தியாசம் மங்கித்தான் தெரிந்திருக்கும், எவ்வளவு என்று திட்டமாகச் சொல்ல வழியில்லை. கால அளவும் முக்கியம். ஆறு மாதத்தில் நல்ல நிலை 42.8-க்கு 34.6 என்று தற்செயலாகக்கூட வந்திருக்கக்கூடிய வித்தியாசம்தான் இருந்தது. ஒரு வருடத்தில்தான் அது உறுதியானது. இரண்டு வருடம் வரை தொடர்ந்து பார்த்தபோதும் அறுவைக் குழுவினரே படிப்படியாக மேலேறும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களாக இருந்தார்கள். ஆறாம் மாதத்தில் 3 என்று எழுதப்பட்டவர் 3 ஆகவே நின்றுவிடுவார் என்று முடிவுகட்டக்கூடாது.

இணையத்தில் கிடைக்கும் மற்ற கட்டுரைகளைப் படிக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். ஒரே மருத்துவமனையின் பழைய கோப்புகளைப் புரட்டி 'எங்களிடம் அறுவை செய்த 80 பேரில் இத்தனை பேர் தேறினார்கள்' என்று எழுதுபவை ஏராளம். அவற்றில் அறுவைக்கு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலேயே பாதி விடை ஒளிந்திருக்கும். இளையவர்களை மட்டும் எடுத்தால் முடிவு அழகாக வரும், இரண்டு கண்மணியும் விரிந்த பிறகு கடைசி நேரத்தில் எடுத்தால் கோரமாக வரும். வீடு திரும்பியபோது உள்ள நிலையை முடிவாக எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை ஒதுக்கிவிடலாம். ஆறு மாதத்தில் எத்தனை பேரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்பதையும் தேடுங்கள். நம் பக்கத்தில் போன் நம்பர் மாறிவிடும். செலவு தாங்காமல் 'சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பெரும்பாலும் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள். அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்பது போல் மீதியை வைத்துச் சதவீதம் போட்டிருப்பார்கள். பக்கவாத நோயாளிகளுக்கான அறுவையோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்து ஒரு பாதி முழுக்க வீங்கும்போது, 60 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் எலும்பை எடுத்தால் பிழைப்பவர்கள் 29-லிருந்து 78 சதவீதமாக உயர்ந்தது என்று 2007-இல் மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். நல்ல சான்றுதான், ஆனால் அது வேறு நோய். அந்த எண்ணைத் தலைக்காயத்துக்குத் தூக்கி வரக்கூடாது.

தம்பியின் விஷயத்தில் எதை வைத்துக் கணிப்பது? பெரிய ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்லும் காரணிகள் சில உண்டு. வயது; 28 என்பது அவர் பக்கம் இருக்கும் பெரிய பலம். வந்து சேர்ந்தபோது கை அசைவுக்குக் கொடுத்த மதிப்பெண்: சொன்னபடி அசைத்தால் 6, வலி கொடுக்கும் இடத்தைத் தேடிக் கை வந்தால் 5, கையை இழுத்துக்கொண்டால் 4, அசாதாரணமாக மடங்கினால் 3, விறைத்து நீண்டால் 2, ஒன்றுமே இல்லையென்றால் 1. மயக்க மருந்து ஓடும்போது எடுத்த மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை, மருந்துக்கு முன் எடுத்ததைக் கேளுங்கள். கண்மணி இரண்டும் சுருங்கினவா, ஒன்றா, இரண்டும் இல்லையா. சி.டி. ஸ்கேனில் மூளையின் அடிப்பகுதி நீர்வெளிகள் திறந்திருக்கின்றனவா, அமுங்கிவிட்டனவா. விபத்து நடந்த இடத்திலிருந்து மருத்துவமனை வரும்வரை ரத்த அழுத்தம் விழுந்ததா, ஆக்சிஜன் குறைந்ததா. ஆம்புலன்சில் அரை மணி நேரம் மூச்சுக் குறைந்திருந்தால் அது அறுவையின் பலனையே தின்றுவிடும். இவற்றை உள்ளிட்டால் சதவீதம் சொல்லும் கணக்குப்பொறிகள் இருக்கின்றன, கிராஷ், இம்பாக்ட் என்ற பெயர்களில். கிராஷ் கணக்கில் நம்மைப் போன்ற நாடுகளுக்குத் தனிக் கணக்கே உண்டு. ஆனால் அது இறப்பு வாய்ப்பு 70 சதவீதம் என்று காட்டினால், இதே போன்ற 100 பேரில் 70 பேர் என்றுதான் பொருள். உங்கள் தம்பி அந்த 70-இல் ஒருவரா, மீதி 30-இல் ஒருவரா என்பது கணக்குப்பொறிக்குத் தெரியாது. அதைக் காட்டி யாராவது சிகிச்சையை நிறுத்தச் சொன்னால் ஏற்க வேண்டாம். முன்கூட்டியே கைவிட்டால் கணிப்பு பலிக்கத்தான் செய்யும்.

'எங்கள் மருத்துவமனையில் மூளை அழுத்தத்தை அளக்கும் கருவியே வைக்கவில்லை, பிறகு 25, 20 எல்லாம் எப்படிப் பொருந்தும்' என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டில் பல இடங்களில் சி.டி.யையும் கண்மணியையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இதைப் பற்றி பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 பேரை வைத்து ஆய்வு செய்து 2012-இல் வெளியிட்டார்கள். கருவி வைத்து நடத்திய சிகிச்சைக்கும், ஸ்கேன், பரிசோதனை இரண்டை மட்டும் வைத்துத் திட்டமான ஒழுங்கில் நடத்திய சிகிச்சைக்கும் முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாத இறப்பு 39-க்கு 41 சதவீதம். திட்டமான ஒழுங்கு என்பதுதான் இங்கே முக்கியம். மணிக்கணக்கில் கண்மணி பார்த்துக் குறித்துவைக்கிறார்களா, ஸ்கேனைக் குறித்த இடைவெளியில் திரும்ப எடுக்கிறார்களா என்று பாருங்கள். கருவி இல்லை என்பதற்காக நோயாளியை அவசரமாக வேறிடத்துக்கு மாற்ற வேண்டாம். ஆம்புலன்ஸ் பயணமே ஆபத்து.

அறுவை என்று முடிவானால், அளவில் கஞ்சத்தனம் கூடாது. குறைந்தது 12-க்கு 15 சென்டிமீட்டர் என்பது வழிகாட்டுதல். சிறிய ஓட்டை போட்டால் வீங்கிய மூளை அதன் வழியே பிதுங்கி, விளிம்பில் ரத்தநாளங்கள் நெரிந்து, அந்தப் பகுதி செத்துவிடும். அறுவைக்குப் பின் தலைக்கட்டின் மேல் 'எலும்பு இல்லை' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். புரட்டிப் படுக்கவைக்கும் ஒவ்வொரு ஷிஃப்ட் ஆளுக்கும் அது தெரிய வேண்டும். அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைக்கக்கூடாது. முதல் சில வாரங்களில் தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளை அறைகளில் நீர் தேங்கி குழாய் வைக்க நேரலாம், வலிப்பு வரலாம். வீக்கம் வடிந்த பிறகு அந்த இடம் குழிவிழும். அப்போது உட்காரவைத்தால் தலைவலி, தலைசுற்றல், எதிர்ப்பக்கக் கை கால் மேலும் தளர்வது என்று வந்து, படுத்தால் சரியாகிறது என்றால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மூளை உள்வாங்குவதன் அறிகுறி அது, எலும்பைத் திரும்ப வைத்தால் தெளிவு கூடுவது உண்டு. பிசியோவில் தேறி வந்தவர் திடீரென்று பின்வாங்கினால் பலர் 'விதி' என்று விட்டுவிடுகிறார்கள், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திடமாகச் சொல்லக்கூடியவை: வேறு வழி தீர்ந்த அழுத்தத்துக்கு இந்த அறுவை இறப்பைக் குறைக்கிறது, பிழைப்பவர்களில் ஒரு பகுதியினர் கடும் ஊனத்தோடு இருப்பார்கள், தலைக்காயத்துக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கொடுக்கக்கூடாது. இந்தக் கடைசியை 10,008 பேரை வைத்து நடந்த கிராஷ் ஆய்வு 2004-இல் உறுதி செய்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. மருந்துச்சீட்டில் அது இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மருத்துவ உலகமே இன்னும் விவாதித்துக்கொண்டிருப்பவை: எந்த மணி நேரத்தில் எடுப்பது சரி, இரு பக்கமா ஒரு பக்கமா, எலும்பைத் திரும்ப வைப்பதற்கு உகந்த மாதம் எது.

எலும்பைப் பற்றி ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எடுத்த எலும்பை மைனஸ் 70, 80 டிகிரி குளிர்பெட்டியில் வைப்பார்கள், அல்லது வயிற்றுத் தோலுக்கடியில் பை போல் செய்து வைத்துத் தைப்பார்கள். நம் ஊரில் இரண்டாவது சகஜம், வயிற்றில் தையலைப் பார்த்துப் பதற வேண்டாம். நொறுங்கிய எலும்பு, அழுக்கு பட்ட எலும்பு என்றால் தூக்கிப்போட்டுவிட்டுப் பிறகு டைட்டானியமோ செயற்கைப் பொருளோ வைப்பார்கள், அதற்குத் தனிச் செலவு. சில மாதங்கள் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் திரும்ப வைக்க நேர்ந்தால், எலும்பு எங்கே என்று யாருக்கும் தெரியாமல் தவிப்பவர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தப் பக்கம், என்ன அளவு, எலும்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எப்போது திரும்ப வர வேண்டும் என்ற நான்கும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.